முந்திரிகையும் முதற்பொருளும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் கூறும். அது செய்யுட்கு மட்டுமன்றிப் பயிருக்கும் பொருந்துமென்பதை அடம்பனில் நாம் பட்டறிந்தோம்.

சில ஆண்டுகளின் முன் யாழ்ப்பாணத்திலிருந்து முந்திரிகைத் தண்டுகள் கொணர்ந்து வயலோரத்து வளவில் நட்டோம். கோடையில் தழைத்த கொடிகள், மார்கழி மழையில் நீர் தேங்க, வேரழுகிப் பட்டன. உரம் போதாதென்றார் சிலர். கைராசி இல்லையென்றார் வேறு சிலர். குற்றம் அவற்றிலன்று.

யாழ்ப்பாணத்துச் செம்மண் சுண்ணாம்புக் கல்லின்மேற் படிந்தது. மழைநீரைத் தேங்கவிடாது வடிக்கும். வேண்டுங்காற் கிணற்று நீர் இறைக்கலாம். 1928 இல் தோன்றிய தோலகட்டித் துறவியர் மடம் முந்திரிகை இரசத்தாற் பெயர்பெற்றமைக்கு அம்மண்ணும் துணையாயிற்று. நம்மூர் மண்ணோ களி. மழையில் வீங்கி நீரைப் பிடிக்கும், வெயிலிற் பிளக்கும்.

களிமண்ணில் முந்திரிகை விளையாதோ எனின், பிரான்சு தேசத்துப் போர்தோவைக் காண்க. அங்கே மெடொக் பகுதிச் சரளை நிலம் நீரை வடித்து வெப்பத்தைக் காக்கும். ஆதலின் பிந்திப் பழுக்கும் கபேர்னே சோவின்யோன் அங்குச் சிறக்கும். பொமரோலின் களிநிலம் குளிர்ந்தது; முந்திப் பழுக்கும் மெர்லோ அதற்கேற்றது. எனவே களி தன்னளவிற் பகையன்று. களியும் பெருமழையும் பள்ளமும் ஒருங்கு கூடுதலே பகை.

இனிப் பொழுதினை நோக்குவாம். குளிர்நாட்டுக் கொடி பனிக்காலத்தில் உறங்கி ஆண்டுக்கொருமுறை காய்க்கும். வெப்பநாட்டில் அவ்வுறக்கம் இல்லை; கத்தரித்தே காய்க்கச் செய்தல் வேண்டும். தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கிலே, 2023 இற் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுதும் கிடைப்பது இதனாலாம். வெப்பம் மிகின் இனிப்பு ஏறிப் புளிப்புக் குறையும். இரவும் வெம்மையாயின் தோலின் நிறம் மங்கும். கறுத்த பழத்திலும் சாறு பெரும்பாலும் நிறமற்றதே. தோலோடு நொதிக்கும்போதே வைன் செந்நிறம் பெறும். ஆகவே தோலின் நிறம் குன்றின் வைனின் நிறமும் குன்றும்.

கொடியைக் கொன்ற அதே களிதான் கட்டுக்கரைக் குளத்து நீரைத் தாங்கி நமக்கு நெல் தருகின்றது. பின்னர் மேட்டிற் பாத்தி உயர்த்தி ஒரு கொடி நட்டோம்; சிறிதேனும் காய்க்கின்றது. வகுப்பில் வாடும் பிள்ளையை மந்தனென்று தள்ளுமுன், அவன் வேரடியில் நீர் தேங்குகின்றதோ எனப் பார்க்க இக்கொடி நமக்குக் கற்பித்தது. நம்முட் பலரை நம் கல்லூரி ஆசிரியர் அவ்வாறு பார்த்தனரன்றோ?