பறக்கும் தீக்கங்குகள்

காட்டுத்தீ தரையில் ஊர்ந்து வருவது என்றே நாம் எண்ணுகிறோம். காற்று துணை நின்றால் அது பறந்தும் வரும். போச்சம்பள்ளி வட்டார மாணவனாகிய நான் இதனை எழுதக் காரணம் உண்டு. நம் மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளில் மாசி, பங்குனியில் சருகு மண்டிக் கிடக்கும். எங்கள் மாந்தோப்புகளிலும் தென்னந்தோப்புகளிலும் அதே நிலைதான்.

தீயால் சூடேறிய காற்று இலேசாகி விரைந்து மேலெழும்புகிறது. அப்போது மரப்பட்டை, சுள்ளி, சருகு முதலியவற்றை எரியும் நிலையிலேயே தூக்கிச் செல்கிறது. மேலே வீசும் காற்று அவற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. 1960-களில் ஸ்பெயின் நாட்டு அறிஞர் டாரிஃபா, எரியும் மரத்துண்டுகளைச் செயற்கைக் காற்றோட்டத்தில் வைத்து இதனை ஆராய்ந்தார். எரிய எரியக் கங்கின் எடை குறைகிறது. ஆகவே அது விழும் வேகமும் குறைகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 மீட்டர் உயரம் சென்ற கங்கு நொடிக்கு 4 மீட்டர் வீதம் இறங்குவதாகக் கொள்வோம். தரையைத் தொட 50 நொடியாகும். காற்று மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசினால், அதற்குள் கங்கு 500 மீட்டர் கடந்துவிடும். சில மீட்டர் அகலமுள்ள தீத்தடுப்புக் கோடு அதற்கு எம்மாத்திரம்?

சிறு கங்கு நெடுந்தூரம் போகும்; ஆனால் வழியிலேயே அணைந்துவிடும். பெரியது அணையாது, ஆனால் அருகிலேயே விழும். தட்டையாகவும் இலேசாகவும் இருந்து மெல்லக் கனலும் மரப்பட்டையே மிகக் கொடியது. 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தைல மரப்பட்டைக் கங்குகள் 30 கிலோமீட்டருக்கு அப்பாலும் புதுத் தீ மூட்டின. அன்றைய தீக்களில் 173 பேர் மாண்டனர்.

நம் நாட்டில் பெரும்பாலும் தரைத்தீயே மூள்வதால் கங்குகள் அவ்வளவு தூரம் செல்வதில்லை. ஆயினும் 2019 பிப்ரவரியில், அண்டை மாநிலமாகிய கர்நாடகத்தின் பந்திப்பூரில், உலர்ந்த உண்ணிச்செடிப் புதர்களும் பலத்த காற்றும் சேர்ந்து 4,000 ஹெக்டேருக்கு மேல் எரியச் செய்தன.

கங்கு ஒரு விதை போன்றது; விழும் இடம் ஏற்றதாயிருந்தால்தான் முளைக்கும். 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரை அழித்த தீயில் 85 பேர் இறந்தனர். அங்கே பல வீடுகள் சாம்பலாகியும் பக்கத்து மரங்கள் பச்சையாகவே நின்றன. வீடுகளைப் பற்றவைத்தவற்றுள் கங்குகளே முக்கியமானவை.

ஆகவே நண்பர்களே, கோடையில் கூரைச் சருகை அகற்றுவோம். வைக்கோற்போரையும் காய்ந்த ஓலையையும் வீட்டுக்குத் தள்ளி வைப்போம். தென்னை நார்க்கழிவுக் குவியலில் விழுந்த கங்கு வெளியே தெரியாமல் உள்ளுக்குள் கனலும். அதனைக் கிளறி நீர் ஊற்ற வேண்டும். தீயை அணைக்கும்போது எல்லாரும் தீயையே பார்த்து நிற்றல் கூடாது. காற்று போகும் திசையில், பாதுகாப்பான தொலைவில் இருவரேனும் காவல் நிற்க வேண்டும். புதுத் தீ அங்கேதான் பிறக்கும். பிறந்தவுடன் அதனை ஒரு குடம் நீரால் அணைத்துவிடலாம்.