பதத்தை எண்ணாக்குவது எப்படி?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் மாஸ்டரிடம் எப்போது இறக்குவீர்கள் என்று கேளுங்கள். நிமிடக் கணக்கு வராது. "பதம் வரணும்" என்பார். இன்னும் கேட்டால் "கொஞ்சம் திரளணும், துடுப்பு இழுக்கணும்" என்பார். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற இனிப்பு இந்தக் "கொஞ்சத்தில்"தான் நிற்கிறது. ஆம், இல்லை என்று மட்டும் பிரித்துப் பழகிய நிரல் இங்கே திணறும். ஒன்று ஓரளவு உண்மையாக இருக்கலாம், அந்த அளவை 0 முதல் 1 வரை எழுதலாம் என்று 1965-ல் லாட்ஃபி ஸாதே காட்டிய வழிதான் ஃபஸ்ஸி லாஜிக். கைப்பக்குவத்தை எக்ஸ்பர்ட் சிஸ்டமாக, அதாவது வல்லுநரின் அறிவை விதிகளாக்கிய நிரலாக எழுத இதைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்த்ததில்லை.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். 'நல்ல பால்கோவா செய்வது எப்படி' என்று தொடங்கினால் முடியாது. 'இப்போது தீ எவ்வளவு வேண்டும்?' என்பது போதும்.

அடுத்து, அடுப்படியில் உட்கார்ந்து மாஸ்டர் சொல்வதை அவர் வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள். 'பாகுநிலை உயர்வு' என்று நீங்கள் மாற்றி எழுதினால், பிறகு விதியைச் சரிபார்க்க அவரால் முடியாது.

பிறகு அளவு. கடாயில் மீதமிருக்கும் பாலை அறிய ஒரு கம்பி போதும். கடாய் குழிவானது; மட்டம் பாதியானால் பாலும் பாதி என்று அர்த்தமில்லை. ஆகவே வெறும் கடாயில் ஒவ்வொரு லிட்டராகத் தண்ணீர் ஊற்றி, கம்பியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். துடுப்பின் இழுப்புக்கு மாஸ்டரே 0 முதல் 10 வரை மதிப்பெண் சொல்லட்டும்.

இனி சொற்களுக்கு எல்லை. கீழே உள்ளவை உதாரண எண்கள். உங்கள் கடாய்க்கு வேறு வரும். மீதம் 30 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் 'திரண்டது' 1. 45-ல் அது 0. 'கூழ்' 30-ல் 0, 45-ல் 1, 60-ல் மறுபடி 0. துடுப்பு 4 வரை முழுக்க 'லேசு', 8-லிருந்து முழுக்க 'இழுக்குது'. நடுவில் ஒன்று குறையக் குறைய மற்றது ஏறும்.

இப்போது மீதம் 40, துடுப்பு 7 என்று வையுங்கள். கூழ் 0.67, திரண்டது 0.33, இழுக்குது 0.75, லேசு 0.25. 0.67 என்பதை 'கூழாக இருக்க 67 சதவீத வாய்ப்பு' என்று படிக்காதீர்கள். இது வாய்ப்புக் கணக்கே அல்ல. கண்ணெதிரே இருக்கும் பால் எவ்வளவு தூரம் கூழ் என்பதுதான். பலரும் சறுக்கும் இடம் இது.

மீதம் 60-க்குக் கீழே வந்த பிறகான கட்டத்துக்கு விதிகள் நான்கு. கூழ், லேசு என்றால் தீ 50 சதவீதம். கூழ், இழுக்குது என்றால் 25. திரண்டது, லேசு என்றாலும் 25. திரண்டது, இழுக்குது என்றால் 0. ஒவ்வொரு விதியிலும் இரண்டு அளவில் சிறியதே அதன் பலம்: வரிசையாக 0.25, 0.67, 0.25, 0.33. தீயைப் பலத்தால் பெருக்கிக் கூட்டி, பலங்களின் மொத்தமான 1.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 24. இது சுகேனோ முறை. எக்செல்லிலேயே போடலாம், பைத்தானில் சில வரிகள்தான். விறகடுப்புக்காரரிடம் 24 என்று சொல்லி என்ன பயன்? திரையில் "விறகை வெளியே இழு" என்று வரட்டும்.

மூன்றாவது விதி அபூர்வம் என்று விட்டுவிடாதீர்கள். எந்த விதியும் பொருந்தாத நிலை வந்தால் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லி நிரல் நின்றுவிடும்.

ராஜபாளையத்து நூற்பாலையில் பஞ்சு கலக்கவும் இதே படிகள்தான். இழையின் நயத்தைக் காட்டும் மைக்ரோனேர் எண் 3.5-ஐ ஏற்று 3.4-ஐத் தள்ளும் கறாரான கோட்டுக்குப் பதில், 'நயம்', 'முரடு' என்ற சரிவுகள் வரும். இழைநீளம், வலு என்று உள்ளீடு கூடக்கூட விதிகள் பெருகும். மூன்று உள்ளீட்டுக்கு மும்மூன்று சொல் வைத்தாலே 27. அதற்குமேல் போனால் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

கடைசியாகச் சோதனை. இருபது ஈடு மாஸ்டர் வேலையைக் கெடுக்காமல் பக்கத்தில் ஓட்டி, அவர் செய்ததையும் நிரல் சொன்னதையும் எதிரெதிரே எழுதுங்கள். வேறுபட்டால் முதலில் எல்லை எண்களை நகர்த்துங்கள். விதியில் கைவைக்கும் முன் அவரிடம் கேளுங்கள். எருமைப்பால் கூடும் நாளில் கெட்டி அதிகம், பதம் முந்திவிடும். அந்த ஈடுகளுக்குத் தனி எல்லை எண்கள் வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் தேதியையும் மாஸ்டர் சொன்ன வாக்கியத்தையும் அப்படியே எழுதி வையுங்கள்.