குறை கேட்போம், நிறை காண்போம்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். கணினி அறிவியல் மாணவனுக்குத் தான் வடிவமைத்த வலைப்பக்கமும் அப்படித்தான். இரவெல்லாம் கண்விழித்து எழுதிய பக்கம் திரையில் ஒளிரும்போது, அதில் குறை இருக்கக்கூடும் என்று எண்ண மனம் இடங்கொடுப்பதில்லை. ஆனால் குறையைக் கண்டு திருத்துவதே பயிற்சியின் உயிர். அதைச் சக மாணவரிடம் எவ்வாறு கேட்டறிவது என்பதை என் அனுபவத்தைக் கொண்டு கூற முற்படுகிறேன்.

பிற துறை நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். வலைப்பக்கத்தின் முகப்பு மூன்று மொழிகளால் ஆனது. எச்.டி.எம்.எல். அதன் எலும்புக்கூடு. 1994-இல் ஹோக்கோன் வியூம் லீ முன்மொழிந்த சி.எஸ்.எஸ். அதற்கு நிறமும் எழுத்தளவும் இடைவெளியும் தருகிறது. 1995-இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட், பொத்தானைத் தொட்டால் பட்டியல் விரிவது போன்ற இயக்கத்தைத் தருகிறது.

பயிற்சிக்காக நூலகம் ஒன்றுக்குப் பக்கம் அமைத்தேன். வெள்ளைப் பின்னணி; இளஞ்சாம்பல் எழுத்து; மூலையில் மூன்று கோடுகளாலான சிறு பொத்தான். வகுப்பு நண்பர்கள் ஐவரிடம் காட்டி, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். ஐவரும் "நன்றாயிருக்கிறது" என்றனர். நானும் மகிழ்ந்தேன்.

மறுநாள் நண்பகலில், முதலாமாண்டு வரலாறு படிக்கும் தங்கை ஒருத்தியிடம் அவளுடைய கைப்பேசியிலேயே அப்பக்கத்தைத் திறந்து கொடுத்து, "சனிக்கிழமை நூலகம் எத்தனை மணி வரை? பார்த்துச் சொல்லம்மா" என்றேன். அவள் வெயிலுக்குத் திரையைக் கையால் மறைத்தாள். மேலும் கீழும் நகர்த்தினாள். மூன்று கோடுகளைத் தொடவே இல்லை. அது பொத்தான் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. சற்றுப் பொறுத்து, "எனக்கு இதெல்லாம் சரியாக வராது அண்ணா" என்று தலைகுனிந்து கூறினாள்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. பிழை செய்தவன் நான், தலைகுனிந்தவளோ அவள்! உதவித்தொகை விண்ணப்பம், தேர்வு முடிவு என்று எத்தனையோ செய்திகள் இன்று வலைப்பக்கங்கள் வழியாகவே நமக்குக் கிட்டுகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய ஒருவர் அங்கே தடுமாறினால், குறை பக்கத்தில் என்று எண்ணுவதில்லை. தம்மிடம் என்றே எண்ணி மௌனமாகிவிடுகிறார். அந்த மௌனம் வடிவமைத்தவன் காதுக்கு எட்டுவதேயில்லை.

ஆராய்ந்தபோது உண்மை விளங்கிற்று. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி மாறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருத்தல் வேண்டும். நான் இட்டிருந்த #999999 என்னும் சாம்பல் நிறம் வெள்ளையின்மேல் ஏறத்தாழ 2.85 மட்டுமே தரும். நிழலில் அமர்ந்து பெரிய திரையில் பார்த்த நண்பர்களுக்கு அது உறுத்தவில்லை.

இதிலிருந்து நான் கற்றவை சில.

முதலாவதாக, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நட்புதான் விடை சொல்லும். ஆகவே கேள்வி கேட்பதைவிட ஒரு வேலையைக் கொடுப்பது நன்று.

இரண்டாவதாக, "சோதிக்கப்படுவது பக்கமே, நீங்கள் அல்லர்" என்று முதலிலேயே கூறிவிட வேண்டும். பிறகு வாய் திறவாது, அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். நாம் விளக்கம் சொல்லத் தொடங்கினால் சோதனை அங்கேயே முடிந்துவிடுகிறது.

மூன்றாவதாக, பெருங்கூட்டம் தேவையில்லை. ஒருவர் சராசரியாக 31 விழுக்காடு குறைகளை வெளிப்படுத்துவார் என்று கொண்டால், ஐவர் சேர்ந்து ஏறத்தாழ 85 விழுக்காட்டை வெளிப்படுத்துவர் என்று ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். பதினைவரை ஒரேமுறை சோதிப்பதினும், ஐவரிடம் காட்டித் திருத்தி, மீண்டும் வேறு ஐவரிடம் காட்டுவதே அவர் கூறும் வழி.

நான்காவதாக, நிரல் அறிந்தவரும் வேண்டும், அறியாதவரும் வேண்டும். தலைப்புகளின் வரிசை, படிவக் கட்டங்களுக்குரிய பெயர்கள், குறுகிய திரையில் பக்கம் மடங்கும் விதம் ஆகியவற்றை முன்னவர் சரிபார்ப்பார். பக்கம் பயன்படுகிறதா என்பதைப் பின்னவரே காட்டுவார்.

குறை சொல்வோருக்கும் கடமை உண்டு. "நிறம் சரியில்லை" என்பது வெறும் விருப்பு வெறுப்பு. "வெயிலில் நூலக நேரம் படிக்க முடியவில்லை" என்பதோ திருத்தத்திற்கு வழிகாட்டும் சொல். கேட்பவரும் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. வேலையைத் தடுக்கும் குறையை முதலில் களைந்து, சுவை பற்றிய கருத்தைப் பிறகு எண்ணிப் பார்க்கலாம். அக்காலப் புலவரும் தம் நூலை அவையில் அரங்கேற்றித் தடைகளுக்கு விடை கூறிய பின்னரே அது நிலைபெற்றதென நம் மரபு சொல்கிறது.

எழுத்தைக் கருமையாக்கினேன், நூலக நேரத்தைப் பக்கத்தின் தலைப்பிலேயே வைத்தேன். அத்தங்கையிடம் மீண்டும் கொடுத்தேன். உடனே விடை சொல்லிவிட்டு, "இதற்கா அன்று அவ்வளவு தடுமாறினேன்?" என்று சிரித்தாள். "தடுமாறியது நீ இல்லையம்மா, என் பக்கம்" என்றேன்.

நண்பர்களே, "நன்றாயிருக்கிறது" என்ற சொல்லோடு நிறைவடையாதீர்கள். தயங்கும் விரலைக் கவனியுங்கள். நம் கல்வி அங்கேதான் தொடங்குகிறது.