பாலாற்றின் மேல்கரையில் நடக்கப் போகிறவர்களுக்கு

பாலாற்றின் மொத்த நீளம் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, மிச்சம் 222 தமிழ்நாட்டில். வாணியம்பாடிப் பக்கம் பிறந்த எங்களுக்கு அந்த நடு 33 கிலோமீட்டரின் மேல் சின்ன வயதிலிருந்தே கோபம். தடுப்பணை கட்டித் தண்ணீரை மறிக்கிறார்கள் என்பது எங்கள் டீக்கடைகளின் நிரந்தரப் பேச்சு. 2016-ல் புல்லூர் தடுப்பணையை 5 அடியிலிருந்து 12 அடிக்கு உயர்த்தியபோது அது போராட்டமாகவும் ஆனது. திட்டுகிற இடத்தைக் காலால் நடந்து பார்த்துவிட்டே திட்டலாம் என்றுதான் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ராமகுப்பம் போக ஆரம்பித்தேன். அங்கே நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

ஆற்றைப் பார்க்கவென்று போகாதீர்கள். வருஷத்தில் பாதிக்கு மேல் அது மணலும் முள்ளும்தான். நந்தி மலையில் பிறந்து வருகிற தண்ணீரைக் கர்நாடகத்துப் பேத்தமங்கலம் ஏரி வாங்கிக்கொள்கிறது. கோலார் தங்கவயலுக்கே தண்ணீர் கொடுத்த ஏரி அது. அதைத் தாண்டியும் தப்பி வருவதை ஊருக்கு ஊர் ஏரிகள் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே நடக்க வேண்டியது ஏரிக்கரைகளில். ஓர் ஏரியின் கோடியைக் கண்டுபிடியுங்கள். நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகிற அந்த இடத்திலிருந்து ஓர் ஓடை கிளம்பும். ‘வங்கா’ என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். அதன் ஓரமாகவே போனால் அடுத்த ஏரி வரும், அதன் கோடியிலிருந்து அதற்கடுத்தது. செல்போன் வரைபடம் காட்டாத இந்த வழி கடைசியில் உங்களைப் பாலாற்றுக்கே கொண்டுபோய் விடும். வழியில் வரும் குக்கிராமங்களும் பெரும்பாலும் ஏரியை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கும்.

ஓர் ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் என் ஊரைக் கேட்டதும் சிரித்துவிட்டார். “நாங்க பேத்தமங்கலத்துக்காரங்களைத் திட்டுறோம், நீங்க எங்களைத் திட்டுறீங்க. அவ்வளவுதானே நாயனா?” தமிழில்தான் சொன்னார், அடுத்த நிமிடம் மாட்டைத் தெலுங்கில் அதட்டினார். எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் பங்கு 222 கிலோமீட்டரில் தோல் கழிவையும் மணல் லாரியையும் விட்டது ஆந்திரக்காரர்கள் இல்லையே. புல்லூர் அணை தப்பு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் முழுக்கதையும் அந்த அணை மட்டும் அல்ல.

வழி ஏரி சொல்லும்; நேரத்தை யானை சொல்லும். ராமகுப்பம் மண்டலத்தின் ஒரு பக்கம் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம். 1980-களில் ஓசூர், தளி காடுகளிலிருந்து யானைகள் இந்தப் பக்கம் வரத் தொடங்கின. அதற்கு முன் ஏறக்குறைய 200 வருஷம் இங்கே யானையே இல்லை. 1990-ல் சுமார் 358 சதுர கிலோமீட்டர் காட்டைச் சரணாலயமாக அறிவித்தார்கள். கரும்பு, நெல், வாழை, கேழ்வரகு என்று காட்டை ஒட்டி எது விளைந்தாலும் ராத்திரி யானைக்கு அதில் பங்கு உண்டு. விளைச்சல் போனது மட்டுமில்லை, ஆட்களும் செத்திருக்கிறார்கள். வயலில் மின்சாரம் பாய்ந்து யானைகளும் செத்திருக்கின்றன. நன்னியாலாவில் வனத்துறை முகாம் வைத்து, ஜெயந்த், விநாயக் என்று இரண்டு கும்கிகளைக் கொண்டு காட்டு யானைகளை விரட்டி வந்தது.

எனவே விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். மாலை நாலு மணிக்கெல்லாம் காட்டோரத்தை விட்டு பஸ் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். எந்த ஊருக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி, “ஏனுகுலு வச்சாயா?” (யானைகள் வந்தனவா?) முந்தின ராத்திரி எங்கே வந்தன, எந்தப் பக்கம் போயின என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். வயலைச் சுற்றி ஓடும் எந்தக் கம்பியையும் தொட வேண்டாம்; சோலார் வேலியா, திருட்டு மின்சாரமா என்று பார்த்துச் சொல்ல முடியாது. சரணாலயத்துக்குள் கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். வீடியோ எடுக்கும் ஆசையில் யானைத் தடுப்பு அகழியைத் தாண்டுகிற இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். அது வீரம் இல்லை, மடத்தனம்.

டிசம்பரும் ஜனவரியும் நல்ல காலம். கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் இருக்கிற பூமி, காலையில் நன்றாகவே குளிரும். கேழ்வரகு அறுத்துத் தார் ரோட்டில் பரப்பியிருப்பார்கள். பஸ் சக்கரமே போரடித்துக் கொடுக்கும். பச்சை அவரைக்காய் குவியல் குவியலாக விற்கும். சாப்பாட்டுக்கு ஓட்டலைத் தேடி அலையாதீர்கள். களி எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். அவரைப் பருப்புக் குழம்போடு, இல்லையென்றால் கொள்ளுச் சாற்றோடு ஒரு உருண்டை உள்ளே போனால் சாயங்காலம் வரை தாங்கும். பட்டுப்பூச்சி வளர்க்கும் வீடுகள் நிறைய. எட்டிப் பார்க்க ஆசையாக இருக்கும்; ஆனால் வெளியாளின் கால்தூசியோடு நோய் போனால் தட்டோடு புழு சாகும். கூப்பிட்டாலும் வாசலில் நின்று பார்ப்பதே மரியாதை.

பிப்ரவரி முடிந்தால் வெயில். தண்ணீர் கையில் இல்லாமல் அப்போது போகக் கூடாது. இந்த வறட்சிக்குத்தான் ஹந்திரி–நீவா திட்டத்தின் குப்பம் கிளைக் கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு முதல்வர் விழா எடுத்தார். 2025 ஆகஸ்டில் இன்னொரு முதல்வர் மறுபடி எடுத்தார். பாலாறு காய்ந்து கிடக்கிற பூமிக்கு ஸ்ரீசைலத்திலிருந்து கிருஷ்ணா மேடேறி வருகிறது!

பழமை தேடிப் போகிறவர்கள் கோபுரத்தை எதிர்பார்த்தால் ஏமாந்து போவார்கள். கோட்டை வேண்டுமானால் குப்பத்துக்குப் பக்கத்தில் கங்குந்தி மலைக்குப் போகலாம்; பழைய ஜமீனின் ஊர் அது. ராமகுப்பம் பக்கத்தில் பழமை என்பது ஆலமரத்தடியில் ஊர் கூடும் ரச்சபண்டா மேடை, கங்கம்மா கோயில், வரப்போரம் சாய்ந்து கிடக்கும் கல். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை குப்பம் வட்டாரம் எங்கள் வடஆர்க்காட்டோடுதான் இருந்தது. அந்தக் கல்லும் இரு பக்கத்துக்கும் பொது; சித்தூரிலிருந்து தருமபுரி வரை இந்த மேட்டு நிலம் முழுவதும் நடுகற்களின் பூமி. ஆநிரை மீட்கும் சண்டையில் செத்தவனுக்கு ஊர் எடுத்த கல் அது; அதில் செதுக்கிய வீரன் கையில் வில்லோ வாளோ இருக்கும். பல இடங்களில் அதற்கு மஞ்சள் பூசி, சாமியாகக் கும்பிடுகிறார்கள். கும்பிடுகிற கல்லானால் செருப்பைக் கழற்றிவிட்டு, ஊராரைக் கேட்டுவிட்டே பக்கத்தில் போங்கள். படம் எடுக்கக் காலையிலும் மாலையிலும் விழும் சாய்வு வெயிலே போதும். கல்லில் எழுத்து இருந்தால் தானாகத் தெரியும்.

சுண்ணாம்புக் கட்டியால் எழுத்தின் மேல் கோடு இழுப்பது, எண்ணெய் தடவித் தேய்ப்பது, கல்லை நிமிர்த்தி வைக்கிறேன் என்று புரட்டுவது, மூன்றும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் மலைகளையே கிரானைட்டாக அறுத்து விற்கிறார்கள். ‘குப்பம் கிரீன்’ என்று அந்தக் கல்லுக்குச் சந்தையில் பெயரே உண்டு. கேட்பாரில்லாத ஒரு நடுகல் துணி துவைக்கவோ, மண்ணோடு மண்ணாகவோ போவதற்கு நாள் ஆகாது. எழுத்துள்ள கல் கண்ணில் பட்டால், ஊர்ப் பெயரையும் இடத்தையும் குறித்து, படத்தோடு மைசூரில் இருக்கும் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள்.