மாடம்: ஒரு சொல்லாய்வு

‘மாடம்’ என்றவுடன் இன்றைய மாணாக்கர் நெஞ்சில் எழுவது மாடி வீடே. அது பிழையன்று. சங்க நூல்களில் இச்சொல் உயர்ந்த மனையையே பெரிதும் குறித்தது. மதுரைக்கு வழங்கும் நான்மாடக்கூடல் என்னும் பெயரிலும் அச்சொல்லே உள்ளது. ஆயின் சுவரில் அகல் வைக்கும் சிறு குழிக்கும் அதுவே பெயராயிற்று. விளக்குமாடம், மாடக்குழி, மாடப்பிறை என்றெல்லாம் அது வழங்கும். நெடுமனைக்கும் ஒரு சாண் குழிக்கும் ஒரே சொல் அமைந்தது வியப்பே!

திருக்குர்ஆனைத் தமிழில் ஓதியுணர விழைவோர்க்கு இவ்விரண்டாம் பொருளே இன்றியமையாதது. ‘அந்நூர்’ அத்தியாயத்தின் 35 ஆம் வசனம் இறைவனின் ஒளிக்கு உவமை கூறுகிறது. ஒரு ‘மிஷ்காத்’, அதனுள் விளக்கு, அவ்விளக்கு கண்ணாடிக்குள், அதற்கு ஒலிவ எண்ணெய். மிஷ்காத் என்பது ஹபஷா மொழிச் சொல் என்பார் பழைய விரிவுரையாளர் சிலர். மறுபுறம் திறப்பில்லாத சுவர்க்குழி என்பதே அதற்குப் பலரும் தரும் பொருள்.

‘திறப்பில்லாத’ என்பதை ஊன்றி நோக்குக. சாளரம் எனப் பெயர்த்தால் உவமை சிதையும். சாளரத்தில் காற்றுப் புகும், வெளிச்சம் இருபுறமும் சிதறும். மாடத்திலோ சுவர் சுடரைக் காக்கும். ஒளி முழுவதும் முன்னோக்கியே பாயும். வெறுமனே மாடம் என்றாலும் மாடி எனக் கொள்வார் உளர். ஆதலின் விளக்குமாடம் என்பதே தக்கது என்பது என் துணிபு.

மிஷ்காத்தையும் மிஹ்ராபையும் ஒன்றாகக் கருதுவாரும் உண்டு. மிஹ்ராப் கிப்லாவின் திசை காட்டுவது, விளக்கேற்றும் இடமன்று. மதீனத்துப் பள்ளியில் குழிந்த வடிவ மிஹ்ராப் அமைந்தது கி.பி. 8 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உமர் இப்னு அப்துல் அஸீஸ் ஆளுநராயிருந்த நாளில் என்பர். தொழுகை விரிப்புகள் சிலவற்றில் வளைவின் நடுவே விளக்குத் தொங்குமாறு நெய்திருப்பதே இம்மயக்கத்துக்குக் காரணமாகலாம்.

அரபி மத்ரஸாக்களில் பயிலப்பெறும் ஹதீஸ் தொகுப்பு ‘மிஷ்காத்துல் மஸாபீஹ்’. நூற்பெயரை நாளும் சொல்லும் மாணவரிற் பலர் அதன் பொருள் ‘விளக்குகளின் மாடம்’ என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இமாம் கஸ்ஸாலி மேற்கண்ட வசனத்துக்கு விளக்கமாக எழுதிய நூலும் ‘மிஷ்காத்துல் அன்வார்’, ஒளிகளின் மாடம், எனவே பெயர் பெற்றது.

மின்விளக்கு வந்தபின் மாடங்கள் பல சுண்ணாம்பால் மூடப்பட்டன. எஞ்சியவை பழைய வீடுகளில், எண்ணெய்க்கரி படிந்த விளிம்புடன், சாவியும் சீப்பும் வைக்கும் இடமாய் நிற்கின்றன. அவற்றுக்கு ஊர்தோறும் வழங்கும் பெயர்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, விடுமுறை முடிந்து திரும்பும் மாணவர் துறையில் எழுதித் தருவாராக.