மேடு வந்தா எஸ்ஐபி-யை நிறுத்தலாமா?

மகாராஷ்டிராவுல நடக்கிற சாத்தாரா மலை அரை மாரத்தான் 21.1 கி.மீ. முதல் பாதி காஸ் பீடபூமிக்குப் போற சாலையில பெரும்பாலும் ஏற்றம், மறுபாதி இறக்கம். ஏற்றத்துலயும் சமதரை வேகத்தையே பிடிச்சு ஓடினா பாதியிலேயே மூச்சு வாங்கிடும். குழுவா பயிற்சி எடுக்கிறவங்க பழகுறது இதைத்தான்: வேகம் குறையட்டும், உழைப்பு சீரா இருக்கட்டும்.

எஸ்ஐபி-யும் அப்படித்தான். மாசம் ரூ.5,000 போடுறீங்க. என்ஏவி ரூ.50-ன்னா 100 யூனிட், ரூ.40-க்கு இறங்கினா 125 யூனிட். சந்தை இறங்கும்போது நிறுத்தினா, அதிக யூனிட் கிடைக்கிற மாசத்தையே விட்டுடுறீங்க.

தனியா ஓடினா காலை 5 மணி அலாரத்தை அணைச்சிடுவோம். நாலு பேர் காத்திருந்தா எழுந்திடுவோம். உங்க முதலீட்டுக்கு அந்த நாலு பேர், சம்பளம் வந்த மறுநாளே போற ஆட்டோ டெபிட். ஆனா 6 மாசச் செலவுக்கான அவசரகால நிதியை முதல்ல சேர்த்துடுங்க. இல்லைன்னா வேலை போற மாசத்துல எஸ்ஐபி-யை நஷ்டத்துல விக்க வேண்டி வரும்.