'நபர்' என்னும் ஒரு சொல்

ஒரு சொல்லின் பொருளே ஒரு மேல்முறையீட்டின் முடிவை மாற்றியதற்கு மோனல் வழக்கு நல்ல சான்று.

நியூயார்க் நகரின் சமூக நலத் துறையிலும் கல்வி வாரியத்திலும் பணியாற்றிய கர்ப்பிணிப் பெண்கள், மருத்துவத் தேவை எழுமுன்னரே சம்பளமில்லா விடுப்பில் செல்லக் கட்டாயப்படுத்தப்பட்டனர். 1971இல் வழக்குத் தொடுத்தனர். வழக்கு நடக்கையிலேயே நகர நிர்வாகம் விதியை மாற்றிக்கொண்டது. சரி, இழந்த சம்பளம்? சிக்கல் அங்கேதான்.

அரசதிகாரத்தின் பெயரால் பிறர் உரிமையைப் பறிக்கும் 'ஒவ்வொரு நபரும்' பொறுப்பாளி என்கிறது 1871ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். நகராட்சி அத்தகைய நபரன்று என 1961இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. சம்பளப் பாக்கி நகரின் கருவூலத்திலிருந்தே வரவேண்டியிருந்ததால், கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் கைவிரித்தன.

பெண்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 1871இல் சட்டமன்றத்தில் நடந்த விவாதங்களை நீதிபதி பிரென்னன் மீண்டும் துருவி ஆராய்ந்தார். நகராட்சியும் நபரே என்று 1978 ஜூன் 6ஆம் நாள் எழுவர் தீர்ப்பளித்தனர், இருவர் மாறுபட்டனர்.

ஆயினும் ஒரு வரம்பு உண்டு. ஊழியர் ஒருவரின் தவறுக்காக மட்டும் நகராட்சியைப் பொறுப்பாக்க இயலாது. அதன் கொள்கையோ நிலைத்த வழக்கமோ தீங்கு விளைத்திருக்க வேண்டும். இப்பெண்கள் திறத்தில் கட்டாய விடுப்பு அதிகாரபூர்வக் கொள்கையாகவே இருந்தது. அவ்வாறு காட்ட இயலாத பிறர்க்கு இத்தீர்ப்பு பாதி உதவியே என்பது என் கருத்து.